காவிரி தெற்கு சரணாலயத்தில் பறவைகளை வாழிடம் வாரியாக எண்ணுவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கான முழு வழிகாட்டி

ஒகேனக்கல்லுக்குப் போய்விட்டு வரும் நண்பர்கள் பலர் எனக்குப் பறவைப் பட்டியல் அனுப்புவார்கள். நாற்பது பெயர், ஐம்பது பெயர் இருக்கும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஐம்பதில் எது ஆற்றங்கரை மரத்தில் இருந்தது, எது பென்னாகரம் சாலையோர முள்காட்டில் இருந்தது, எது ராகிக் கொல்லையில் இருந்தது என்று கேட்டால் பதில் வராது. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டியலை வைத்து ஒரு காட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

நம் ஊரில் பாறைக்குன்றையும் முள்காட்டையும் "சும்மா கிடக்கிற இடம்" என்றுதான் சொல்கிறோம். குன்று என்றால் கல்லுடைக்க, முள்காடு என்றால் தைலமரம் நட. அங்கே என்ன பறவை இருக்கிறது என்று யாரும் தனியாக எழுதி வைக்காததால், இல்லை என்று சொல்பவர்களின் பேச்சுதான் நிற்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அபூர்வப் பறவையைத் தேடி ஓடுவதற்கானது இல்லை. எந்தப் பறவை எந்த மாதிரி இடத்தை நம்பி வாழ்கிறது என்று நாமே கணக்கெடுத்து எழுதி வைப்பதற்கானது.

காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது, அது சுமார் 686 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் 17-வது வனஉயிரினச் சரணாலயம். இரண்டும் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு சேர்ந்து பெரிய தொடர்காடாக நிற்கின்றன. தெற்கு சரணாலயப் பகுதியில் 238 வகைப் பறவைகள் பதிவாகியிருப்பதாக அறிவிப்பின்போது அரசு சொன்னது. அந்த 238-ம் எப்படிப் பிரிந்து வாழ்கின்றன என்பதுதான் நமக்குக் கேள்வி.

முதலில் அனுமதி, அதற்கும் முதலில் யானை

இது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட சரணாலயம். காட்டுக்குள் கால் வைக்க அனுமதி வேண்டும். மாவட்ட வன அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்தப் பாதை, எத்தனை பேர், எந்தத் தேதிகள், என்ன செய்யப் போகிறீர்கள், முடிவை அவர்களுக்கு எப்படித் தருவீர்கள். கடைசி வரிதான் முக்கியம். அனுமதி கிடைத்தால் வனக்காப்பாளரோ வேட்டைத் தடுப்புக் காவலரோ கூட வருவார். அவர் சொல்வதைக் கேளுங்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, சாணம் எவ்வளவு பழசு என்று அவருக்குத் தெரியும். அனுமதி கிடைக்கவில்லையா, பரவாயில்லை. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரும் சாலை, பென்னாகரம் ஒகேனக்கல் சாலை, சரணாலயத்தை ஒட்டிய கிராமங்கள், ஏரிகள் என்று பொதுவழியிலேயே பாதி வேலையை முடிக்கலாம். ஆனால் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தலாமா, எங்கே நிறுத்தலாம் என்று சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை யானைகள் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக நகரும், ராகி அறுவடையும் அப்போதுதான். பறவைக்கு நல்ல நேரமான விடியற்காலைதான் யானை கொல்லையிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரமும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முந்தின நாள் ராத்திரி யானை எங்கே இருந்தது என்று ஊரில் விசாரிக்காமல் ஒருநாளும் கிளம்பாதீர்கள், வெளிச்சம் நன்றாக வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டாதீர்கள், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாழிடங்களைப் பிரிப்பது

இதில்தான் அதிகம் நேரம் செலவிட வேண்டும். வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே காடு இல்லை. ஒகேனக்கல் பள்ளத்தில் கிளம்பித் தளி மேட்டுக்குப் போனால் உயரம் சுமார் 1000 மீட்டருக்கு வந்துவிடும், வெயில் மாறும், மழை மாறும், மரம் மாறும். நான் ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறேன். உங்கள் பகுதிக்கு நான்கோ ஆறோ வரலாம்.

ஆறும் ஆற்றங்கரையும் முதலாவது. பிலிகுண்டுலு முதல் ஒகேனக்கல் வரை காவிரி, அதில் வந்து சேரும் சின்னாறு, அஞ்செட்டிப் பக்கத்துத் தொட்டல்லா. கரையில் நீர்மருது, புங்கன், நாவல், புளி எல்லாம் ஓங்கி நிற்கும், கோடையிலும் பச்சை இருக்கும். இங்கே ஒரே இடத்தில் இரண்டு உலகம் இருக்கிறது: தண்ணீருக்கு நடுவே பாறைத்திட்டு, கரையில் அடர்ந்த மரம். பாறைத்திட்டில் ஆற்று ஆலா, பெரிய கண்கிலேடி, வெண்புருவ வாலாட்டி, அப்புறம் தகைவிலான் மாதிரியே பறக்கும் மணல் நிறத்துச் சின்னப் பிராட்டின்கோல். கரை மரத்தில் மீன்கொத்திகள், பாம்புத்தாரா, பகலில் இலைக்குள் மறைந்திருக்கும் பூமன் ஆந்தை. சாம்பல் நிறத் தலை கொண்ட சின்ன மீன்கழுகு இந்த ஆற்றை நம்பி வாழ்கிற பறவை. ஓடுகிற தண்ணீர், உயரமான கரை மரம் இரண்டும் சேர்ந்து வேண்டும் அதற்கு, மரம் போனால் ஆறு மட்டும் இருந்து பயனில்லை.

இரண்டாவது முள்காடும் ஆச்சா மரக்காடும். காவிரிப் பள்ளத்தாக்கில் ஆச்சா மரங்கள் கூட்டமாக நிற்கும் காட்சி தனி அழகு, கூடவே உசிலை, வெள்வேல். வெளிப்பார்வைக்கு வறண்ட இடம். ஆனால் கவுதாரி, வெண்புருவச் சின்னான், கதிர்க்குருவிகள், கீச்சான், மாம்பழச்சிட்டு, தவிட்டுக்குருவிக் கூட்டம் என்று காலை ஏழு மணிக்கு இங்கே கேட்கிற சத்தம் பெரிய காட்டிலும் கேட்காது.

மூன்றாவது மேலகிரி மலைச்சரிவின் இலையுதிர் காடு. வெக்காலி, சந்தனம், மூங்கில், இடையிடையே அத்தியும் ஆலும். மரங்கொத்திகள், மின்சிட்டுகள், வெண்கன்னக் குக்குறுவான், காட்டுக்கோழி. குளிர்காலத்தில் தரையில் சருகைக் கிளறும் சத்தம் கேட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள், தோட்டக்கள்ளனாக இருக்கலாம். ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள், அந்திக் கருக்கலில் கூப்பிடுவதால் அந்தப் பெயர்.

நான்காவது பாறைக்குன்று. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஐந்தாவது விளைநிலமும் நீர்நிலையும். ராகி, கொள்ளு, அவரை, மாந்தோப்பு ஒரு பக்கம், பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, கெலவரப்பள்ளி அணை, பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை இன்னொரு பக்கம். இவை சரணாலயத்துக்கு வெளியே இருப்பவை, ஆனாலும் ஒப்பிட இவை வேண்டும். பனங்காடை, வானம்பாடி, கரிச்சான், குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டித் தாழப் பறக்கும் பூனைப்பருந்து எல்லாம் பெரும்பாலும் கொல்லையில்தான், அடர்ந்த காட்டுக்குள் தேடினால் கிடைப்பது அரிது. ஏரியில் நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து, நத்தைகுத்தி நாரை, வலசை வரும் தட்டைவாயன். நீர்ப்பறவையை எண்ணும் முறையே வேறு, அதைக் காட்டுக் கணக்கோடு கலக்காதீர்கள்.

பிரித்த பிறகு ஒவ்வொரு வாழிடத்துக்கும் ஆறு புள்ளிகள் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கொன்று 300 மீட்டர் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ணுவீர்கள். இரண்டு வாழிடம் சந்திக்கும் விளிம்பில் புள்ளி வைக்காதீர்கள். விளிம்பில் பறவை அதிகம், ஆசையாக இருக்கும், ஆனால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்ல முடியாது. விளிம்பு பிடித்திருந்தால் அதையே ஆறாவது வகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன வேண்டும்

8x42 பைனாகுலர் ஒன்று (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது), கோடு போட்ட நோட்டு, பென்சில், கடிகாரம், தண்ணீர். மங்கலான நிற உடை. கேமரா இருந்தால் நல்லது, ஆனால் எண்ணும் பத்து நிமிடத்தில் அதைத் தொடாதீர்கள், படம் எடுக்கிற கை எண்ணாது. சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் கற்றுக்கொள்ள நல்ல துணை, ஆனால் செயலி சொன்னதாலேயே ஒரு பெயரை எழுதக்கூடாது, நீங்களும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பறவையின் குரலைப் போனில் போட்டு அதை வரவழைக்கவே கூடாது. கூடு கட்டும் நேரத்தில் அது தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதாக நினைத்து அலைந்து களைத்துப்போகும், வந்த பறவை உங்கள் கணக்கையும் கெடுக்கும்.

எண்ணும் முறை

சூரியன் எழுந்து வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். முதல் புள்ளிக்குப் போய் இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், உங்கள் காலடிச் சத்தத்தில் அடங்கியவை மறுபடி பேச ஆரம்பிக்கும். அப்புறம் சரியாகப் பத்து நிமிடம். உங்களைச் சுற்றி 50 மீட்டர் வட்டத்துக்குள் பார்த்த, கேட்ட எல்லாப் பறவையும், எத்தனை என்பதோடு. வட்டத்துக்கு வெளியே கேட்டதைத் தனி வரியில் எழுதுங்கள். தலைக்கு மேல் கடந்து போன கள்ளப்பருந்தும் கொக்குக் கூட்டமும் இன்னொரு தனி வரி, ஏனென்றால் அவை அந்த இடத்தைப் பயன்படுத்தவில்லை, தாண்டித்தான் போகின்றன. பதினோராவது நிமிடத்தில் எவ்வளவு அழகான பறவை வந்தாலும் கணக்கில் சேராது. இது மனசுக்குக் கஷ்டமான விதி, ஆனால் எல்லாப் புள்ளியிலும் உழைப்பு ஒன்றாக இருந்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். அப்படித் தாமதமாக வந்த பறவையை நோட்டின் ஓரத்தில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உதவும்.

"பார்த்தது", "கேட்டது" என்று இரண்டு கட்டம் போடுவதை விட்டுவிடாதீர்கள். முள்காட்டில் கண்ணுக்கு எல்லாம் தெரியும். மூங்கில் காட்டில் பத்தில் ஏழு காதால்தான். இதைப் பிரிக்காமல் விட்டால் அடர்ந்த காட்டில் பறவை குறைவு என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள், அங்கே குறைவாக இருப்பது பறவை இல்லை, நம் பார்வை.

காட்டோரக் கிராமங்களில் ஒரு எச்சரிக்கை: சாம்பல் காட்டுக்கோழியின் கூவல் உடைந்து உடைந்து, முடிவில் தொண்டை அடைத்த மாதிரி நிற்கும். நாட்டுச் சேவல் நீட்டி முழக்கும். இரண்டும் ஒரே விடியலில் கேட்கும் ஊர்கள் அஞ்செட்டிப் பக்கம் நிறைய, சந்தேகம் இருந்தால் எழுதாதீர்கள்.

ஆறு புள்ளிக்கும், நடைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு வாழிடம் முடிந்துவிடும். ஐந்து வாழிடத்துக்கு ஐந்து காலைகள். வருஷத்தில் மூன்று பருவம்: வலசைப் பறவைகள் இருக்கும் டிசம்பர் ஜனவரி, இலை உதிர்ந்து நிற்கும் மார்ச் ஏப்ரல், மழை பெய்து பச்சை திரும்பிய பிறகு ஒன்று. மொத்தம் பதினைந்து காலைகள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் முடிகிற கணக்குதான்.

பருவம் ஏன் முக்கியம் என்றால், காடு அதே இடத்தில் இருந்துகொண்டு ஆளை மாற்றும். அக்டோபரில் முள்புதரிலிருந்து "டக், டக்" என்று ஒரு குரல் வர ஆரம்பிக்கும், அது வடக்கிலிருந்து வந்த நாணல் கதிர்க்குருவி, ஏப்ரலில் போய்விடும். பிப்ரவரியில் புரசும் முள்ளிலவும் பூத்தால் அந்த ஒரு மரத்தில் தேன்சிட்டும் கரிச்சானும் சூறைக்குருவிக் கூட்டமும் சந்தை போட்டிருக்கும், பக்கத்து மரம் வெறுமையாக இருக்கும். புள்ளிக்குள் பூத்த மரமோ பழுத்த ஆலமரமோ இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். ஆற்றுக்கு மட்டும் தனி விதி. ஜூலைக்கு மேல் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் ஒகேனக்கல் பாறைத்திட்டுகள் மூழ்கிவிடும், அந்தப் பறவைகளை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில்தான் எண்ண முடியும். ஆனால் ஆலாவும் கண்கிலேடியும் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடுவதும் அந்த மாதங்களில்தான். கரையிலிருந்தே எண்ணுங்கள், திட்டில் ஏறாதீர்கள். உச்சிவெயிலில் தாய்ப்பறவை கொஞ்ச நேரம் எழுந்து போனாலும் முட்டை சூட்டில் கெட்டுவிடலாம். கரையிலும் தண்ணீரை ஒட்டி நிற்காதீர்கள், காவிரியில் முதலைகள் உண்டு.

பாறைக்குன்று

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குன்றுகளில் நான் முதலில் போனபோது காலை பத்து மணி. கல் சுட ஆரம்பித்திருந்தது, ஒரு காகமும் இரண்டு புறாவும் தவிர ஒன்றும் இல்லை, நானும் நோட்டில் "வெற்றிடம்" என்று எழுதிவிட்டு இறங்கினேன். அடுத்த வாரம் ஆறேகாலுக்கு அதே இடத்தில் நின்றேன். பாறை இடுக்கில் வளர்ந்த இச்சி மரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தது ஒரு சின்னான். தலையும் தொண்டையும் மஞ்சள், உடம்பு சாம்பல், வால் நுனியில் வெளிறிய ஓரம். மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் பாறைக்குன்றுப் புதர்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் ஆபத்தில் இருப்பதாக உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. "வெற்றிடம்" என்று எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை, தேதியையும் நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தேன், நேரம் தவறினால் கணக்கு எப்படிப் பொய்யாகும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதை வெண்புருவச் சின்னானோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம், இரண்டும் ஒரே புதரில் இருக்கும். வெண்புருவத்துக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, தொண்டையில் பளிச்சென்ற மஞ்சள் கிடையாது. குரலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

குன்றில் கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும், வல்லூறு வட்டமிடும், குளிர்காலத்தில் நீலப் பாறைப்பூங்குருவி தனியாக ஒரு கல்லில் நிற்கும். இந்தக் குன்றுகளில் பல சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கின்றன, கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம் இது. வெட்டின மரம் திரும்ப வளரும், உடைத்த குன்று வளராது. அதனால் உங்களிடம் ஐந்து காலைகள் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது என்றால் குன்றுக்குப் போங்கள்.

பெயரில் ஒரு சிக்கல்

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஓடும். மயிலை ஒருவர் நவிலு என்பார், இன்னொருவர் நெமலி என்பார். உள்ளூர்க்காரர் சொன்ன பெயரை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் நீங்கள் அடையாளம் கண்ட பெயரை எழுதுங்கள். ஆடு மேய்ப்பவரிடமும் இருளர் பெரியவர்களிடமும் உட்கார்ந்து பேசினால், இந்தப் பறவை முன்பு எங்கே இருந்தது, எப்போது குறைந்தது என்பதெல்லாம் வரும். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் அடுத்த புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்லிவிடும்.

எண்ணியதை என்ன செய்வது

வீட்டுக்கு வந்த அன்றே ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் பறவைப் பெயர், மேலே ஐந்து வாழிடம், கட்டத்தில் எண்ணிக்கை. எண்ணாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், எண்ணியும் கிடைக்காத கட்டத்தில் 0 போடுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

எத்தனை வகை என்பது மட்டும் போதாது, எவ்வளவு சமமாகப் பரவியிருக்கின்றன என்பதும் வேண்டும். ஒரு உதாரணம். இரண்டு இடத்திலும் நான்கு வகை, மொத்தம் நூறு பறவை என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 85 காகம், மற்ற மூன்றும் ஐந்தைந்து. இரண்டாவது இடத்தில் நான்கும் 25. ஷானன் குறியீடு என்று ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு வகையின் பங்கையும் (நூற்றில் 85 என்றால் 0.85) அதன் இயல் மடக்கையால் (கால்குலேட்டரில் ln) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, முன்னால் இருக்கும் கழித்தல் குறியை எடுத்துவிட வேண்டும். முதல் இடத்துக்கு 0.59 வரும், இரண்டாவதுக்கு 1.39. வகை எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒரே மாதிரி இடமில்லை என்று எண்ணே காட்டிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒற்றுமைக் கணக்கு, மடக்கை எதுவும் வேண்டாம். முள்காட்டில் 30 வகை, ஆற்றங்கரையில் 40 வகை, இரண்டிலும் பொதுவாக 20 என்றால், மொத்தம் 50 வகையில் 20 பொது, அதாவது 0.4. இந்த எண் குறையக் குறைய இரண்டு இடமும் ஒன்றுக்கொன்று ஈடாகாது என்று அர்த்தம். வாழிடத்துக்கு வாழிடம் இதைப் போட்டுப் பாருங்கள். கூடவே ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் எண் இருக்கும் பறவைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். "சும்மா கிடக்கிற இடம்" என்று யாராவது சொன்னால் காட்ட வேண்டியது அந்தச் சிவப்பு வட்டங்களைத்தான்.

எப்போது போதும் என்று நிறுத்துவது? அதே பருவத்தில் ஒரு வாழிடத்தில் தொடர்ந்து இரண்டு காலை புதுப் பெயர் எதுவும் சேரவில்லை என்றால் அந்தப் பட்டியல் ஓரளவு நிறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு சேர்ந்துகொண்டே இருந்தால் இன்னும் போக வேண்டும்.

கணக்கை, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள், புள்ளிக்கு ஒரு பட்டியலாக, நேரத்தோடு. பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் வனத்துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் கலந்துகொண்டால் கண் தேர்ந்தவர்களோடு நிற்கலாம், சந்தேகம் தீரும். ஆந்தைக் கூடு, கழுகுக் கூடு, பாறைத்திட்டு முட்டை ஆகியவற்றின் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள், ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அட்டவணையின் ஒரு படியைக் கூட வந்த வனக்காப்பாளருக்கும், கல்குவாரிக்குப் பக்கத்துக் குன்று என்றால் அந்த ஊராட்சிக்கும் கொடுங்கள், தமிழில், கையெழுத்தும் தேதியும் போட்டு. அடுத்த வருஷம் அதே புள்ளிகளுக்கு, அதே மாதத்தில், அதே மணிக்குப் போங்கள். புள்ளியில் நின்ற மரத்தையோ பாறையையோ இந்த வருஷமே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சுலபம்.